ஐந்து இதழ் ஸ்க்ரூ

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஒரு மாலை. ரயில் மீஞ்சூரைத் தாண்டியிருந்தது. எனக்கு எதிர் சீட்டில் ஓர் இளைஞர். சிப்காட்டில் ஏதோ ஓர் உருக்காலையில் வேலை என்று அவருடைய ஷூவே சொன்னது. ஊர் ஒடிசா.

அவர் போன் அடித்தது. பச்சை வட்டத்தைத் தள்ளினார். நகரவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தள்ளினார். ம்ஹூம். அடித்து அடித்து ஓய்ந்தது போன். ஒரு நிமிடம் கழித்து மறுபடி அடித்தது. மறுபடி தள்ளல். கடைசியில் நம் ஊர் மரபுப்படி தொடையில் ஓங்கி ஒரு தட்டு. ரேடியோ காலத்து வைத்தியம். பலிக்கவில்லை.

"யாருங்க?" என்றேன்.

"மா" என்றார். முகம் வெளிறிக் கிடந்தது. அந்த நேரத்தில் ஒருநாளும் அழைக்காத அம்மாவாம்.

பக்கத்தில் நின்றிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, காதிலிருந்த ஒயர் இயர்போனை உருவினாள். "பையா, ஏக் மினிட்" என்று சொல்லி அவர் போனில் சொருகினாள். மூன்றாவது முறை போன் அடித்ததும், ஒயரில் இருக்கும் குட்டிப் பட்டனை ஓர் அழுத்து.

"ஹலோ" என்றது அந்தப் பக்கம். மீதியெல்லாம் ஒடியா. ஆனால் அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்ததைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை.

எட்டாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து வாங்கிய போன் கைவிட்டது. ஒயரில் தொங்கிய ஒரு பட்டன் காப்பாற்றியது. இது ஏன் இப்படி என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

* * *

1995 ஜூலை 31. கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமைச் செல்போனில் அழைத்தார். இந்தியாவின் முதல் செல்போன் உரையாடல் அதுதான். அப்போது பேசினால் மட்டுமல்ல, யாராவது நம்மை அழைத்தாலும் நமக்குத்தான் பில். செல்போன் வைத்திருந்தவர்கள் மணி அடித்தால் சந்தோஷப்படுவதற்கு பதில் பயந்த காலம். 2003ல்தான் அந்தக் கொடுமை ஒழிந்தது.

அதே 2003ல் வந்தது நோக்கியா 1100. உங்களில் பாதிப் பேர் அதை வைத்திருந்திருப்பீர்கள். மீதிப் பேர் அதன் டார்ச் வெளிச்சத்தில் செருப்பு தேடியிருப்பீர்கள். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. நம்மைப் போன்ற தூசியும் வியர்வையும் நிறைந்த தேசங்களை மனத்தில் வைத்தே வடிவமைத்தார்கள். எண்களுக்கு நடுவே தூசி இறங்காதபடி ஒரே ரப்பர் விரிப்பாகக் கீபேட். வியர்த்த கையிலும் வழுக்காத விளிம்பு.

இப்போது முக்கியமான விஷயம். அந்த போனில் '5' அமுங்கவில்லை என்றால் என்ன செய்வோம்? பின்மூடியைத் தள்ளி எடுப்போம். முன்மூடியை நகத்தால் நெம்புவோம். ரப்பர் கையோடு வந்துவிடும். துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டுவோம். அதற்கும் மசியவில்லையா? பஸ் ஸ்டாண்டு கடையில் புதுக் கீபேட். சில்லறைக் காசுதான். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

காரணம் எளிமையானது. பார்க்கிற பாகம் தனி. அழுத்துகிற பாகம் தனி. ஒன்று கெட்டால் இன்னொன்றுக்குக் கேடு இல்லை.

இந்த நோக்கியாதான் நம் வீட்டு வாசலுக்கே வந்து உட்கார்ந்தது. திருவள்ளூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஸ்ரீபெரும்புதூரில், 2006ல் உற்பத்தி ஆரம்பம். உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். ப்ளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறியவர்கள். வீட்டுக்கு முதல் மாதச் சம்பளம் கொண்டுவந்து, தங்கச்சியின் காலேஜ் ஃபீஸைக் கட்டிய தலைமுறை.

ஆனால் உலகம் அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

* * *

2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைத் தூக்கிக் காட்டினார். டச் ஸ்க்ரீனையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை.

இங்கிலாந்தில் மால்வர்ன் என்றோர் ஊர். அங்கே ராயல் ரேடார் எஸ்டாபிளிஷ்மெண்ட் என்ற அரசு ஆய்வுக்கூடம். அதில் வேலை பார்த்த ஈ.ஏ. ஜான்சன் என்பவர், விரலால் தொட்டால் கம்ப்யூட்டருக்குப் புரிகிற திரை பற்றி 1965லேயே கட்டுரை எழுதிவிட்டார். போன் பேசவா? கிடையாது. வானத்தில் பறக்கும் விமானங்களைத் தரையிலிருந்து ஒழுங்குபடுத்த. எழுபதுகளில் ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், பெண்ட் ஸ்டம்ப் என்ற டேனிஷ் எஞ்சினியர் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு தொடுதிரை செய்தார். ஆயிரக்கணக்கான பட்டன்களும் குமிழ்களும் வேண்டிய இடத்தில் சில திரைகள் போதும் என்பதுதான் யோசனை. அமெரிக்காவில் சாம் ஹர்ஸ்ட் என்பவர் வேறொரு வழியில் போனார். அழுத்தினால் இரண்டு மெல்லிய படலங்கள் ஒன்றையொன்று தொடும், எங்கே தொட்டது என்று தெரியும். இது அழுத்தும் வகை. ஜான்சனுடையது தொடும் வகை. உங்கள் போனில் இருப்பது ஜான்சன் வழி வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது? கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோலம் இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாக மின்சாரம் ஓடும் கோடுகள். நம் உடம்பும் ஒரு மின்கடத்திதான். விரல் வைத்தால் அந்த இடத்தில் மின்னூட்டம் துளி மாறும். எங்கே மாறியது என்று ஒரு சின்ன ஐசி நொடிக்குப் பல முறை கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். நகத்தால் தட்டினால் ஏன் கேட்பதில்லை, ஈரக் கையோடு தொட்டால் ஏன் குழம்புகிறது, இப்போது புரிகிறதா?

மின்சாரமும் ஓட வேண்டும், கண்ணாடி போலத் தெளிவாகவும் இருக்க வேண்டும். அப்படியொரு பொருள் இண்டியம் டின் ஆக்சைடு. இண்டியம் என்கிற உலோகத்தை 1863ல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் ரெய்ஷ், தியோடர் ரிக்டர் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். ரெய்ஷுக்கு நிறக்குருடு. அதனால் நிறமாலையைப் பார்த்துச் சொல்லும் வேலை ரிக்டருக்கு. அவர் கண்ட கோடு அவுரி நீலம், அதாவது இண்டிகோ. அதனால் அந்தப் பெயர். இண்டிகோ என்ற சொல்லின் வேரோ 'இந்தியாவிலிருந்து வந்தது' என்பது! கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துப் பழவேற்காட்டில் 1610ல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கி, சாயத் துணிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். நானூறு வருடம் கழித்து அந்தப் பக்கத்து ஜனங்களின் சட்டைப் பையில் இன்னொரு டச், சாயத்தின் பெயரைத் தாங்கிய உலோகத்தோடு. சரித்திரத்துக்குக் குசும்பு ஜாஸ்தி.

இருக்கட்டும். 2008 ஆகஸ்டில் ஐபோன் இந்தியாவுக்கு வந்தது. விலை 31,000 ரூபாய். நமக்கு ஆகாது என்று ஒதுங்கினோம். ஆனால் சில வருடங்களில் ஆண்ட்ராய்டு போன்கள் ஐந்தாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் வந்து குவிந்துவிட்டன. கீபேடை நம்பியிருந்த நோக்கியா சரிந்தது. போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. வரித் தகராறில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ந் தேதி உற்பத்தி நின்றது. பட்டன் போன் காலம் முடிந்தது என்று உலகம் வேறு வேறு நாளில் தெரிந்துகொண்டது. நம் பக்கத்துப் பெண்களுக்கு அது, கம்பெனி பஸ் வராமல் போன நாள்.

* * *

நிற்க. நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். ஆனாலும் யூடியூப் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

வீட்டில் என் மனைவியின் போன் பேய் பிடித்தது போல் ஆடியது. யாரும் தொடாமலே ஆப் திறக்கும், மூடும். நான் வீரனாகிவிட்டேன். ஹேர் டிரையரால் சூடு காட்டி, பழைய ஏ.டி.எம். கார்டை விளிம்பில் நுழைத்துப் பிளந்தேன். 'டிக்' என்றொரு சத்தம். அதோடு திரை நிரந்தரமாக இருட்டு.

திருவள்ளூரில் ஒரு சின்னக் கடை. இருபது, இருபத்தொரு வயதுப் பையன். உள்ளே பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சார், டிஸ்ப்ளே ஸ்ட்ரிப்பு கிழிஞ்சிருக்கு. யார் சார் தொறந்தது?"

பதில் சொல்லவில்லை. அவனுக்கே புரிந்துவிட்டது.

"சார்ஜ்ல இருக்கும்போது மட்டும் ஆடுச்சா, எப்பவுமேவா?"

யோசித்துப் பார்த்தேன். சார்ஜில் இருக்கும்போது மட்டும்தான்.

"சார்ஜர மாத்தியிருந்தா போதுமே சார்!"

மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல், மின்னூட்டத்தைக் கணக்கெடுக்கும் அந்த ஐசியைக் குழப்பிவிடும் என்று அவன் விளக்கினான். இருநூற்றைம்பது ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது. மொத்தக் காம்போவும் மாற்றி மூவாயிரத்துச் சொச்சம் அழுதேன். ஆகவே வீட்டில் என்ன செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக வந்துவிட்டது. கேளுங்கள்.

முதலில் போனை அணைத்துப் போடுங்கள். திரையும் கையும் காய்ந்திருக்கட்டும். மெத்தென்ற துணியால் துடையுங்கள். டெம்பர்ட் கிளாஸ் விரிசல் விட்டிருந்தாலோ காற்றுக் கொப்புளம் இருந்தாலோ உரித்துவிட்டுப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான சாம்சங் போன்களில் *#0*# என்று டயல் செய்தால் சோதனைப் பக்கம் வரும். அதில் டச் என்பதைத் தேர்ந்தெடுத்து விரலால் கோடு போட்டால், எந்த இடம் செத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வால்யூம் பட்டனோ பவர் பட்டனோ மக்கர் செய்கிறதா? செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டி என்ற பகுதிக்குள், திரையிலேயே பட்டன்களை வரவழைக்கும் வசதி இருக்கிறது. டச் முழுக்கச் செத்து, படம் மட்டும் தெரிகிறதா? ஓ.டி.ஜி. இணைப்பான் வாங்கி, கம்ப்யூட்டர் மவுஸைச் சொருகுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் திரையில் அம்புக்குறி வந்துவிடும். அதை வைத்தே லாக்கைத் திறந்து, போட்டோ, போன் நம்பர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

தண்ணீரில் விழுந்த போனை அரிசி மூட்டையில் புதைக்காதீர்கள். அரிசி சோற்றுக்கு மட்டும். அணைத்து, துடைத்து, கடைக்காரரிடம் கொடுங்கள். திரை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அது திரைக் கோளாறே அல்ல. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும். எல்லை அதுதான். அதற்கு மேல் கடை.

* * *

கடைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் கதையின் வில்லன் வருகிறான்.

பார்க்கும் பாகமும் அழுத்தும் பாகமும் தனித்தனி என்று சொன்னேனல்லவா? டச் வந்தபோது இரண்டையும் ஒட்டினார்கள். பின்பு ஒன்றுக்குள் ஒன்றாகவே செய்தார்கள். 2012ல் ஐபோன் 5 அப்படி வந்தது. போன் மெலிந்தது. அழகானது. ஆனால் தொடு உணர்வு மட்டும் கெட்டாலும் மொத்தத் திரையையும் மாற்றியாக வேண்டும்.

அதற்கு முன்பே ஸ்க்ரூவும் மாறிவிட்டது. ஐபோன் 4 முதலில் வந்தபோது சாதாரண நட்சத்திரத் தலை ஸ்க்ரூதான். பிறகு ஐந்து இதழ் பூ மாதிரி ஒரு தலை. உலகத்தில் யார் வீட்டு டூல் பாக்ஸிலும் அதற்கு ஸ்க்ரூ டிரைவர் கிடையாது. சர்வீசுக்கு வந்த பழைய போன்களிலும் சொல்லாமல் கொள்ளாமல் இந்த ஸ்க்ரூவை மாட்டி அனுப்புகிறார்கள் என்று ஐஃபிக்ஸிட் என்ற அமெரிக்கப் பழுதுபார்ப்பு நிறுவனம் 2011 ஜனவரியில் குற்றம் சாட்டியது. போன் உங்களுடையது. பூட்டு அவர்களுடையது.

நம் ரிச்சி ஸ்ட்ரீட் சும்மா இருக்குமா? ஐந்து இதழ் ஸ்க்ரூ டிரைவர் ஐம்பது ரூபாய்க்குத் தொங்க ஆரம்பித்துவிட்டது. ஸ்க்ரூவுக்குப் பதில் பசை போட்டு ஒட்டினார்கள். நம் ஆட்கள் சூடு காட்டிப் பிரித்தார்கள். அடுத்து வந்தது கண்ணுக்கே தெரியாத பூட்டு. சாஃப்ட்வேர்.

2016ல் உலகம் முழுக்கச் சில ஐபோன்களில் 'எர்ரர் 53' என்று வந்து போன் கல்லாகிப் போனது. அவர்கள் செய்த பாவம், ஹோம் பட்டனையோ திரையையோ வெளிக் கடையில் மாற்றியது. கைரேகைப் பாதுகாப்புக்காகத்தான் அந்தச் சோதனை என்றது ஆப்பிள். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். யாரோ ஒரு பட்டனை மாட்டி என் பேங்க் கணக்கைத் திறந்துவிடக் கூடாதுதான். ஆனால் பட்டனை வேலை செய்யாமல் நிறுத்துவது வேறு, மொத்த போனையும் கொல்வது வேறு. பிறகு ஆப்பிளே மன்னிப்புக் கேட்டு மருந்து கொடுத்தது. வெளியில் ரிப்பேர் செய்ததால் உங்களுக்குச் சர்வீஸ் கிடையாது என்று வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பியதற்காக, ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018ல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

அதே 2018ல் ஓர் அப்டேட் வந்ததும், வெளியில் திரை மாற்றிய ஐபோன் 8களில் டச் செத்தது. எதிர்ப்பு வந்ததும் இன்னோர் அப்டேட்டில் உயிர்த்தது. 2021ல் ஐபோன் 13ல் வெளி ஆள் திரை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதி போய்விட்டது. அதற்கும் எதிர்ப்பு. அதையும் சரி செய்தார்கள். கவனியுங்கள். கண்ணாடி நல்ல கண்ணாடி. ஸ்ட்ரிப் நல்ல ஸ்ட்ரிப். மாட்டியவன் கைதேர்ந்தவன். போன் மட்டும், 'உன்னை எனக்குத் தெரியாது' என்றது.

இதற்கெதிராக ஊருக்கு ஊர் சட்டம் எழும்பத் தொடங்கியது. பழுதுபார்க்க எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் ஒட்டித்தான் விற்க வேண்டும் என்று பிரான்ஸ் 2021ல் சொன்னது. உதிரி பாகத்தை சாஃப்ட்வேரால் பூட்டக் கூடாது என்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2024ல் சட்டம் போட்டது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்தினாலும் ஏழு வருடத்துக்கு உதிரி பாகம் கொடுத்தாக வேண்டும் என்ற ஐரோப்பிய யூனியனின் விதி 2025 ஜூன் 20ல் அமலானது.

நாம்? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ஒரு குழு அமைத்தது. செல்போன், விவசாயக் கருவிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்குக்கும் 'பழுதுபார்க்கும் உரிமை'. அந்த டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தார்கள். போன் முதலான பொருள்களுக்கு மதிப்பெண் போடுவது பற்றி இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அறிக்கை என்பது ஸ்க்ரூ டிரைவர் அல்ல.

* * *

இதில் நமக்கென்ன தனிக் கவலை என்று கேட்பீர்கள். இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் மறுபடி எழுந்துவிட்டது. நோக்கியா ஆலையை 2019ல் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்கியது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைச் செய்து குவிக்கிறது. அங்கே வேலை பார்த்த பெண்கள் 2021 டிசம்பரில் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது நினைவிருக்கும். அவர்கள் தங்கியிருந்த விடுதிச் சாப்பாடு விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். விடுதி இருந்த பூந்தமல்லி, திருவள்ளூர் மாவட்டம்தான். உலகத்தின் விலை உயர்ந்த போனைப் பூட்டும் கைகள் நம் மாவட்டத்தில் தூங்கி எழுகின்றன.

அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே அபாயகரமான தொழிற்சாலைக் கழிவுகளைப் புதைக்கும் இடம் இருக்கிறது. செத்த கம்ப்யூட்டர்களையும் போன்களையும் உடைத்துப் பிரிக்கும் ஆலைகளும் இருக்கின்றன. ஆக, பிரசவ ஆஸ்பத்திரி தெற்கே. மயானம் வடக்கே. நடுவில் ஒரு வைத்தியன் வேண்டாமா? திருவள்ளூர் கடைப் பையன் அந்த வைத்தியன். ஆலையில் ஒரு தொழிலாளிக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். இவனுக்கு முழு போனும் தெரியும். இவனைத்தான் பூட்டு போட்டு வெளியே நிறுத்துகிறார்கள்.

எனக்குத் தெரிந்த காமர்ஸில் சொல்கிறேன். பத்தாயிரம் ரூபாய் போனின் திரையை மூன்றாயிரத்தில் மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டினால், அது வாங்கியவருக்கு லாபம், கடைக்காரனுக்குக் கூலி, மண்ணுக்குப் பாரம் குறைவு. புதுசு வாங்கினால் ஒருவருக்கு மட்டும் லாபம். அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டுமா?

அடுத்த முறை போன் வாங்கப் போகும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதன் டிஸ்ப்ளே தனியாகக் கிடைக்குமா? என்ன விலை? கடைக்காரர் முழிப்பார். பரவாயில்லை. நூறு பேர் கேட்டால் அவர் கம்பெனியைக் கேட்பார்.

அந்த ஒடிசா இளைஞர் கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது இயர்போனைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் வாங்கவில்லை. "ரக்கோ பையா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அம்மாவுக்கு ஒன்றுமில்லையாம். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் அத்தனை முறை அடித்திருக்கிறார்.